டோக்கன் வாங்காமல் போன சரக்கு வண்டி

பேய், பிசாசு எதையும் நான் நம்பினவன் இல்லை. புந்தோங்கில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் டீசல் எஞ்சின் டிரைவர். தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போவுக்குச் சரக்கு வண்டி. அன்று என் மனைவிக்குக் கருமாதி முடிந்து மூன்றாம் நாள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வேலைக்கு வந்துவிட்டேன். அழுகையும் வரவில்லை, பசியும் இல்லை, மரத்துப்போய்க் கிடந்தேன்.

அப்போது ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷனில் வளையத்தில் மாட்டித் தரும் டோக்கன் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன்வரை போகலாம். எதிரே வண்டி வராது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். சுங்காயைத் தாண்டும்போது மத்தியானம், நல்ல மழை. உதவி டிரைவர் முனியாண்டி எண்ணெய் பார்க்கப் பின்னால் எஞ்சின் அறைக்குப் போயிருந்தான்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகும்போது எஞ்சின் சத்தம் தானாக அடங்கியது, பிரேக் பிடித்தது, வண்டி நின்றேவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

முனியாண்டி ஓடிவந்தான். "ஏண்ணே பிரேக் போட்டீங்க?"

"நான் ஒன்னும் தொடலலா."

பிரேக் கைப்பிடி முழுசாகத் திரும்பியிருந்தது. அவன் டோக்கன் மாட்டும் கொக்கியைப் பார்த்தான். பழைய டோக்கன்தான் தொங்கியது.

"சுங்காய்ல மாத்தலையா? ஐயோ, எதுக்க ஈப்போ வண்டி வருமேண்ணே!"

சிவப்புக் கொடியோடு மழையில் ஓடினான். வளைவுக்கு அப்பால் ஹார்ன் கேட்டது. பயணிகள் வண்டி எங்களுக்கு நாலு பெட்டி தூரத்தில் வந்து நின்றது. ஜன்னல் வழியே பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

பட்டறையில் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. பழைய இரும்புக்குப் போகும்வரை அது இன்னொரு தடவை அப்படி நிற்கவே இல்லை. விசாரணையில், சுங்காயில் காட்டிய கொடி மழையில் தெரியவில்லை, சுதாரித்ததும் நானே பிரேக் போட்டேன் என்றேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று இரக்கப்பட்டு வேலையை விட்டுவைத்தார்கள்.

அன்று வண்டியை எது நிறுத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பயம் அதை நினைத்து இல்லை. அன்று சுங்காயைத் தாண்டும்போது ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை ஆட்டிக்கொண்டு, நில்லு நில்லு என்று கத்தியபடி எஞ்சினோடு ஓடிவந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எதிரே வண்டி வருகிறது என்று புரிந்தது. புரிந்தும் நான் நிறுத்தவில்லை.