சாலைக்குக் கீழே ஒரு வீடு

ராயபுரத்துப் பழைய வரிசை வீடுகளில், பழமை கெடாமல், யார் எதை மாற்றிக் கட்டலாம் என்று முடிவு செய்யும் குழுவில் நானும் ஒருவன். தகுதி, கொஞ்சம் புத்தகம் படித்தது.

கடைசி வீட்டுக்காரர் கோடையிலும் லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்தே கட்டியிருந்தார். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்ததில் அவர் வீடு பள்ளமாகிவிட்டது. தரையையும் வாசலையும் உயர்த்தக் கேட்டிருந்தார். நேரில் பார்க்கக் குழுவாக அவர் வாசலுக்குள் இறங்கினோம்.

“மழ வந்தா கட்டில் வரைக்கும் தண்ணி சார். சம்சாரம் படுத்த படுக்கையா கீது.”

“வாசல் வரிசை கெட்டுடுமே,” என்றார் எங்கள் தலைவர்.

“ரோடு மட்டும் ஏறிக்கினே போலாமா?”

“சாலை எங்கள் அதிகாரத்தில் வராது,” என்றேன், மேடைத் தமிழில்.

“சரி, தண்ணியும் பழங்காலத்துதுன்னு வச்சிக்கிறேன்.”

முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டோம். அவர் கோபப்படவில்லை. எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துச் சாலைக்கு ஏற்றிவிட்டார். நன்றி சொல்ல நான் குனிய வேண்டியிருந்தது.