தளபதியும் என் வீட்டுக்காரரும்

எழுபத்தொன்றில், சண்டை வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம், என் வீட்டுக்காரர் மேற்கு எல்லையில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் திருவள்ளூரில் அவருடைய அம்மாவோடும் தங்கையோடும் இருந்தேன். காலை ரயிலில் கடம்பத்தூர் போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து ஓர் இளவரசி விம்முவது கேட்கும்.

விம்முகிறவள் என் நாத்தனார். பத்தொன்பது வயது. மாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்ததால், வாரப் பத்திரிகையில் வந்த ராஜா காலத்துத் தொடர்கதையை இவள்தான் வாசித்துக் காட்டுவாள். சும்மா வாசிக்க மாட்டாள். தளபதிக்கு ஒரு குரல், பகை நாட்டு இளவரசிக்கு ஒரு குரல். தளபதி தோளில் அம்பு தைத்த அன்றைக்கே இளவரசி எங்கிருந்தோ மூலிகையோடு வந்து நிற்பாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருக்கும்.

"மூணு மாசமா யுத்தம் நடக்குது, அந்த ஆளு ஒரு வேளையாவது சாப்ட்டான்னு எழுதியிருக்கா?" என்று கேட்பேன்.

"உங்களுக்கு ரசனையே இல்ல அண்ணி."

என் வீட்டுக்காரரின் கடிதங்கள்தான் அவளுக்குப் பெரிய மனக்குறை. வண்டியில் ஆக்சில் உடைந்தது, குளிரில் இன்ஜின் கிளம்பவில்லை, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு எப்போது அழைத்துப் போகிறாய், பின்பக்கத்து ஓடு மாற்றியாகிவிட்டதா என்றுதான் எழுதுவார். ஓடு மாற்றியாகிவிட்டது என்று நானும் பதில் எழுதுவேன்.

"எல்லைல நிக்கிற மனுசனுக்கு ஓட்டப் பத்தியா எழுதுவாங்க?" என்பாள்.

"அவருதானே கேட்டாரு?"

பரீட்சைத் தாள் திருத்தும் அவசரத்தில் ஒருமுறை என் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டேன். அந்த உறைக்குள் அவள் தன் பங்குக்கு, நான் எழுதியதுபோலவே இரண்டு தாள் எழுதிச் சொருகியது எனக்குத் தெரியாது. இருபது நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. "பிரிவென்னும் நெருப்பில் மேனி தகிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஜுரமா? கையெழுத்தும் மாறியிருக்கிறது. கை நடுங்குகிறதா? தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு."

நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஜுரமான்னு கேக்குறாரே எங்கண்ணன்" என்று அவளுக்குத்தான் கோபம்.

விஷயம் அதோடு போகவில்லை. அங்கிருந்த தமிழ் ஆட்களில் ஒருவர், இது இன்ன தொடர்கதையின் நடை என்று கண்டுபிடித்துவிட்டாராம். என் வீட்டுக்காரரோடு அதே லாரியை மாறி மாறி ஓட்டுகிறவர். அடுத்த கடிதத்தில் உத்தரவு வந்தது: வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்து அனுப்பு, இங்கே எல்லாரும் கேட்கிறார்கள்.

அன்றிலிருந்து பத்திரிகை வரும் வியாழக்கிழமை என்றாலே எனக்குப் பெரும்பாடு. ரயிலைவிட்டு இறங்கி ஸ்டேஷன் புத்தகக் கடைக்கு ஓடினால், "லேட்டா வந்துக்கினு என்னைக் கேட்டா நான் இன்னா பண்றது டீச்சர்?" என்பார் கடைக்காரர். ஒருமுறை அடுத்த ரயில் பிடித்துத் திருநின்றவூர் போய் வாங்கிவந்தேன். வாங்கினாலும் உடனே அனுப்ப முடியாது. மாமியார் கேட்டாக வேண்டும். பிறகு நாத்தனார் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் நான் அதில் ஒரு வரி படித்ததில்லை.

டிசம்பரில் சண்டை தொடங்கியது. கடிதம் நின்றது. ரேடியோவில் எங்கெங்கோ இருக்கும் ஊர்ப் பெயர்கள் வந்தன. நாத்தனார் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பழக்கத்தில் நான் வாங்கிவந்த பத்திரிகைகள் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தன. சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகும் கடிதம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், பழைய பத்திரிகைகளையும் நாத்தனாரின் நோட்டையும் எடுத்து முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். எரிச்சலோடுதான் படித்தேன். இளவரசியின் கூந்தலுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்காத பெண்ணுக்குக் கூந்தல் நன்றாகத்தானே இருக்கும். ஓரிடத்தில் தளபதி குதிரையிலிருந்து விழுகிறான், அசைவில்லை, தொடரும் என்று போட்டிருந்தது. எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. அடுத்த வாரம் அவன் எழுந்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் பத்திரிகையில் எதைப் போடுவார்கள்? அந்த நிச்சயத்துக்காகவே, நோட்டு முடிந்ததும் அலமாரியில் கிடந்தவற்றையும் பிரித்து விடாமல் படித்தேன். வேறு யாரும் எனக்கு அப்படி ஒரு நிச்சயம் தரவில்லை. இளவரசி காயத்துக்குத் துணி கட்டும் இடத்தில், அசட்டுத்தனமான அந்த இடத்தில், அழுதேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஜனவரியில் கடிதம் வந்தது. லாரிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்ததில் இடது காது கேட்கவில்லை, மற்றபடி நலம், ஓடு ஒழுகுகிறதா என்று எழுதியிருந்தார்.

பங்குனியில் லீவில் வந்தார். இளைத்திருந்தார். "சண்டை எப்புடிண்ணா இருந்திச்சி?" என்று தங்கை கேட்டாள். "குளிரு" என்றார். அவள் தையல் வகுப்புக்குக் கிளம்பிய பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தக் கோட்டை முற்றுகை இன்னாச்சி? டிசம்பர்ல இருந்து எனக்கு வரவேயில்ல."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டார். பத்திரிகைகளை எடுத்துக் கொடுத்தால், இன்னும் எழுத்தைப் பார்த்தால் தலை வலிக்கிறது, நீயே சொல் என்றார். வலது பக்கம் போய் உட்கார்ந்து சொன்னேன். அந்தக் காதிலும் சாதாரணமாகப் பேசினால் விளங்கவில்லை. கத்த வேண்டியிருந்தது.

"கோட்டைக் கதவு ஒடஞ்சிது. இவன் உள்ள போனான். அவ ஓடி வந்து மார்புல சாஞ்சா."

"இன்னா?"

"சாஞ்சாங்கறேன்."

பக்கத்து வீட்டில் தண்ணீர் பம்பு அடிக்கும் சத்தம் நின்றது. அந்த அம்மாள் மதில் மேலாக எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போனது.

"நீங்க நேர்லயே பாத்துட்டு வந்திருக்கீங்க. இந்தப் பொய்யப் போயி எப்புடிங்க கேக்க முடியுது?" என்று அதே கத்தலில் கேட்டேன்.

"எங்கூட லாரி ஓட்டினான் இல்ல, அவன் தினம் தபாலு வந்திச்சான்னு கேட்டுக்கினே இருப்பான். கதவு ஒடயுமா ஒடயாதான்னு எங்களுக்குள்ள பந்தயம். தெரிஞ்சிக்காமலே அந்தக் குண்டுல பூட்டான்."

நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். பம்பு சத்தம் நின்றே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிற்பாடு அவர் ராணுவத்தை விட்டு வந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு லாரி ஓட்டினார். நாத்தனாருக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பத்திரிகையில் விளம்பரத்தைக்கூடப் படிக்காதவர். தொடர்கதையும் ஒருவழியாக முடிந்தது. எல்லாப் பகையையும் வென்ற தளபதி, இளவரசியை விட்டுவிட்டுத் துறவியாகப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள், அதே பத்திரிகையில் வேறொரு யுத்தக் கதை ஆரம்பிக்கிறதாம், வரும்போது வாங்கி வா என்றார்.

திட்டிக்கொண்டேதான் வாங்கிவந்தேன். ரயிலிலேயே முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டேன்.