கொட்டாத குடுவை

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் அக்கா, வேலைக்குச் சேர்ந்த வாரமே யாரோ வடிகட்டி வைத்த நீரைக் கொட்டிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து இருபது வருடமாக, எந்த வடிநீரையும் தேதி ஒட்டி ஒரு வாரம் காப்பாற்றுவார்.

"இடத்தை அடைக்குது, கொட்டித் தொலைங்கக்கா!" என்று நான் தினமும் கத்துவேன்.

கரைசலை வடிகட்டியதும் வடிதாளில் தங்கிய வெள்ளைப் பொடிதான் ஆறு மாதமாக நான் உருவாக்கப் பாடுபட்ட மருந்துப்பொருள் என்று நேற்று துள்ளினேன். இன்று சூடாக்கிப் பார்த்தால், எளிதில் உருகியிருக்க வேண்டியது உருகவே இல்லை. வெறும் உப்பு! தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி, ஓடி வாங்க!" அக்காவின் குரல்.

அக்கா கொட்டாமல் வைத்திருந்த என் நேற்றைய வடிநீர்க் குடுவையின் அடியில் ஊசி ஊசியாக மஞ்சள் படிகங்கள் மின்னின!

"அக்கா, நான் தேடினது இதுதான்! இதேதான்!" என்று குதித்தேன்.

அக்கா குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இடத்தை அடைக்குதே தம்பி, கொட்டித் தொலைச்சிடட்டுமா?"