சுண்ணாம்புக்கு முன்னால் தண்ணீர்

என் கணவர் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கம் அவருக்குச் சிறந்த பொறியியல் சாதனைக்கான விருது கொடுக்கப்போகிறது என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் அவர் அரசாங்க இன்ஜினியர். ஊர் எல்லையில் கட்டிக்கொண்டிருந்த குடிநீர்த் தொட்டியைத் தவிர அவர் கையில் பெரிய வேலை எதுவும் இல்லை. அதுவும் முடிந்தபாடில்லை. முடியாத வேலைக்கு என்ன சாதனை விருது?

செய்தியைக் கொண்டுவந்தவர் அந்தத் தொட்டியைக் கட்டுகிற காண்ட்ராக்டர். அதே பல்கலைக்கழகத்தில் என் கணவருக்குப் பின்னால் படித்தவர், சங்கத்திலும் பெரிய ஆள். கூடவே புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு கூடை. அதிகாரியைப் பார்க்கப் போகிறவர்கள் மரியாதைக்கு ஒரு பழம் கொண்டுபோவார்கள். கூடையோடு வந்து நான் பார்த்ததில்லை.

"மைனி, நீங்களும் கட்டாயம் மதுரைக்கு வரணும். அண்ணாச்சிக்குப் பொன்னாடை போத்துதத நீங்க பாக்காண்டாமா?" என்றார்.

"தொட்டி சோலி கிடக்கே?" என்றேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்."

அந்தப் பதில்தான் உறுத்தியது. என் கணவருக்கு வீட்டிலும் தொட்டிப் பேச்சுதான். தண்ணீரை நிரப்பிச் சில நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஒழுக்கு இருந்தால் வெறும் சிமெண்டில் ஈரம் கறுப்பாகத் தெரிந்துவிடும், அதன் பிறகுதான் சுண்ணாம்பு என்பார். முன்பு வேலை பார்த்த ஊரில் ஒருவன் அவசரப்பட்டுச் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்க, சாரத்திலிருந்து இறக்கி விரட்டினார். அந்தக் கறாருக்காகத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். அதற்காக அவரை யார் என்ன திட்டினாலும் இன்ஜினியர் வீட்டம்மா என்று தலை நிமிர்ந்து கடைத்தெருவுக்குப் போவேன்.

விழாவன்று காலை மதுரை பஸ் ஏறினோம். வலது பக்கம் வெயில் என்று இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தோம். ஜன்னலோரம் நான். சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார் அவர்.

ஊர் தாண்டும்போது தொட்டி தெரிந்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் மட்டையால் வெள்ளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதித் தொட்டி வெளுத்திருந்தது.

அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். "இங்கன பாருங்க! இன்னும் தண்ணியே ஏத்தல, அதுக்குள்ள வெள்ளை அடிக்காங்க. நாம ஊர்ல இல்லன்னுதான் செய்தான். பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க, இறங்கிருவோம்."

அவர் குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கண்டக்டரைக் கூப்பிடப்போகிறார் என்று நான் பையைக்கூட எடுத்துவிட்டேன்.

என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஜன்னலுக்கு மேல் சுருட்டிக் கட்டியிருந்த படுதாவை அவிழ்த்துவிட்டார்.

"வெயில் அடிக்கு" என்றார்.

வெயில் எதிர்ப்பக்கத்துச் சீட்டுக்காரர்கள் மேல் அடித்துக்கொண்டிருந்தது.