நாலு திசைக்கும் முள்

திருப்புலிவனத்தில் சுகிர்தாவைப் போல வேகமாகச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கிடையாது. அந்தத் தம்பட்டத்தையும் அவளே அடித்துக்கொள்வாள். அறுவடைக் கூலிக்குப் போகும் நாற்பத்து நாலு வயதுக்காரிக்கு ஏரிக்கரைக் காட்டில் புது வேலை. தண்ணீரை உறிஞ்சும் வேலிகாத்தான் முள்மரத்தின் அடியில் அவள் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவாள். கோடு போட்டதை ஜேசிபி பிடுங்கும். முள் தெரிந்தால் கோடு, அவ்வளவுதான். இரண்டு நாளில் இருநூறு கோடு.

மூன்றாம் நாள் காலை, அவள் கோடு போட்ட ஒரு புதரிலேயே முந்தானை மாட்டிக்கொண்டது. புதர் வெயிலில் இலை உதிர்ந்து, வேலிகாத்தானோடு பின்னி நின்றது. புடவை கிழிந்துவிடுமே என்று ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள்.

முள் நேராக இருந்தது. ஒன்றுக்கு எதிரே ஒன்று, ஜோடியாக. அடுத்த ஜோடி அதற்குக் குறுக்கே திரும்பியிருந்தது. கிளையின் நுனியிலிருந்து கண் வைத்துப் பார்த்தாள். கிளை நெடுகச் சிலுவைக்குப் பின்னால் சிலுவை! யார் அளந்து வைத்தது இதை? அவள் கை தானாகச் சிலுவை வரைந்துகொண்டது. மிச்சமிருந்த இரண்டு குட்டி இலைகளும் எதிரெதிரே இருந்தன. வேலிகாத்தானுக்கோ சீப்புப் பல் மாதிரி இலை இருக்கும். ஒரு மஞ்சள் பழம் வற்றித் தொங்கியது, நடுவில் பள்ளத்தோடு. காரைச் செடி! வருஷா வருஷம் பழம் பறித்துத் தின்கிறவளுக்குச் செடி தெரியாமல் போனதே.

ஜேசிபி வந்ததும் குறுக்கே நின்றாள்.

"இத்த எடுக்காத மோகன். இது காரை."

"இன்னாக்கா, நீதான கோடு போட்டுக்கீற? முள்ளுன்னா முள்ளுதான்" என்றான் டிரைவர் மோகன்.

"எறங்கி வா. நுனியிலேர்ந்து பாரு."

சலித்துக்கொண்டே இறங்கினான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அடுத்த கிளையைப் பிடித்தான், அதற்கடுத்ததையும்.

"ஆறு வருசமா புடுங்கிக்கினு கீறேன்க்கா. ஒரு நாளும் இப்டிப் பாத்ததில்ல."

சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றி, முந்தானையாலேயே கோட்டைத் துடைத்தாள்.

மோகன் கரைக்குக் கீழே மலையாகக் கிடந்த முள் குவியலைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ நேத்து எடுத்ததுல?"

சுகிர்தா ஓடிப்போய் ஒரு கிளையை இழுத்தாள். வேலிகாத்தான். இன்னொன்றும் வேலிகாத்தான். மூன்றாவதன் நுனியைக் கண்ணருகே கொண்டுபோனவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அது காரை.