மல்லாட்டை மில் சௌந்தரத்தின் வழக்கு

காரின் பின்சீட்டில் இரண்டு கோணிகளை விரித்துப் போட்ட பிறகுதான் சௌந்தரத்தை ஏற்றச் சொன்னார் கிருஷ்ணசாமி. வலது கையைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். துணி நனைந்து கனத்துவிட்டது. அந்த வலியிலும் அவள் கண்ணில் கோணிகள் பட்டன. சீட்டு கறையாகிவிடக் கூடாதாம்.

தொண்ணூற்றாறாம் வருஷம், மாசி மாதம். கோலியனூர் ரோட்டில் வேர்க்கடலை உடைத்துக் கொடுக்கும் கிருஷ்ணசாமியின் மல்லாட்டை மில்லுக்கு அது மூச்சுவிட நேரமில்லாத காலம். வாசலில் லாரிகள் லோடுக்காகக் காத்து நின்றன. மல்லாட்டை உடைக்கும் மிஷினின் பெல்ட்டில் சணல் கயிறு ஒன்று சிக்கிக்கொண்டது. அந்தப் பெல்ட்டுக்கு இரும்பு மூடி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கழற்றி மாட்டுவது பேஜாரு என்று சொல்லி, தன் மாட்டுத் தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டார் கிருஷ்ணசாமி. மோட்டாரை நிறுத்தட்டுமா என்று சௌந்தரம் கேட்டாள். லாரி நிற்கிறது, அப்படியே பிடுங்கிப் போடு என்றார். பிடுங்கினாள். நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் நின்று சல்லடை பிடித்த அஞ்சம்மாள்தான் ஓடிப்போய் மெயினை அணைத்து, அவளை இழுத்து உட்கார வைத்தாள்.

கார் அரசு ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டி நிற்காமல் போயிற்று. மொதலாளி, ஆஸ்பத்திரி போயிடுச்சே என்று முனகினாள் சௌந்தரம். அங்கே போனால் போலீஸ், விசாரணை என்று இழுத்தடிப்பார்கள், உனக்கு நல்ல டாக்டராகப் பார்க்கிறேன் என்றார் கிருஷ்ணசாமி. நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது என்று அந்தத் தெரு முடியும்வரை நினைத்தாள். தனியார் நர்சிங் ஹோமில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது அவள் வாய் திறப்பதற்குள் கிருஷ்ணசாமி முந்திக்கொண்டார்.

"வூட்ல கேப்பை அரைக்கிற மிஷின்ல கைய வுட்டுக்கினா டாக்டர். நம்ம மில்லுக்குப் பக்கந்தான் வூடு. கூட யாருமில்ல, பாவம். நாந்தான் தூக்கிப் போட்டுக்கினு வர்றேன்."

சௌந்தரத்தின் வீட்டில் மிஷின் என்ன, கரண்டே கிடையாது. அவள் தலையைத் திருப்பி அந்த முகத்தைப் பார்த்தாள். வேர்த்திருந்தது. பொய் சொன்ன வேர்வை இல்லை. செலவை நினைத்த வேர்வை. அவளுக்குக் கோபம் வரவில்லை. சாக்கடை ஓரமாக நடக்கும்போது புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று மனசுக்குள் நடந்தது. அதன் பிறகு கிருஷ்ணசாமி விஷயத்தில் அவள் அந்தப் புடவையைக் கீழே விடவே இல்லை.

ஊர் வேறு மாதிரி பேசியது. கிருஷ்ணசாமி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நர்சிங் ஹோமுக்கு வந்தார். அவர் மனைவி ஆப்பிள் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி செலவையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும் கோலியனூரில் அவரைக் கும்பிடாத குறை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு முதலாளியா என்று வாயைப் பிளந்தார்கள். விரலைத் தின்றவனே விருந்தும் வைக்கிறான் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்களும் அந்த மில்லில் கூலிக்குப் போகிறவர்கள்.

எல்லாரையும்விடக் குளிர்ந்து போனவன் அவள் புருஷன் விருத்தாசலம். மூட்டை தூக்கும் வேலை அவனுக்கு. வேலைக்குப் போகிற நாளைவிட முதுகு வலிக்கிற நாள்தான் அதிகம். கிருஷ்ணசாமி தன்னிடம் கிடந்த பழைய டி.வி.எஸ் ஃபிஃப்டி வண்டியை அவனுக்குக் கொடுத்தார். பெண்டாட்டியின் நான்கு விரலுக்கு ஒரு மொபெட். அதைத் துடைத்து, கண்ணாடியில் ரிப்பன் கட்டி, கோலியனூர்த் தெருவில் காரணமே இல்லாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான் விருத்தாசலம். அவள் ஒரு நாளும் அதில் ஏறவில்லை.

"ஆயுசுக்கும் உனுக்கு மில்லுல வேலைன்னு மொதலாளி சொல்லிட்டாரு. சும்மா பெருக்கிக்கினு இருந்தா போதும். வேற இன்னா வேணும் உனுக்கு?" என்றான்.

"எந்தக் கையால பெருக்கறதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

ஆனாலும் போனாள். மகள் கலைப்பிரியா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் உலை வைக்க வேண்டும். இடது கையால் துடைப்பத்தைப் பிடித்து, மிஷினைச் சுற்றிப் பறக்கும் தோலைப் பெருக்கினாள். வெளியூர் வியாபாரிகள் வந்தால் கிருஷ்ணசாமி அவளைக் கூப்பிட்டு நிறுத்துவார். இந்த அம்மாவை நான்தான் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்பார். வியாபாரிகள் தலையாட்டிவிட்டு விலை பேசப் போய்விடுவார்கள். ஆயுத பூஜைக்கு முதல் புடவை அவளுக்கென்று எல்லார் முன்னாலும் கொடுத்தார். சௌந்தரம் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் எருமைக் கொட்டகையில் சாரலுக்கு மறைப்பாக அதைக் கட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் மில்லுக்குப் போகவில்லை. நன்றி கெட்டவள் என்று ஊர் பெயர் வைத்தது.

அந்தச் சமயத்தில் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். நஷ்டஈடு என்பது முதலாளி மனசு வைத்துக் கொடுக்கிற தர்மம் இல்லை, சட்டம். நான்கு விரல் போனால் உழைக்கும் சக்தியில் பாதி போனதாகச் சட்டத்திலேயே இருக்கிறது. அடிபட்ட இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்று விளக்கினார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மனு எப்போது போடலாம் என்றதற்கு, முதலில் விழுப்புரத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வாருங்கள் என்றார். போனாள். மேடையில் ஏற்றி நாற்காலி போட்டார்கள். அவர் மைக்கில் குரல் கம்மப் பேசி, முதலாளித்துவத்தின் கோரப் பசியைப் பாருங்கள், அம்மா, அந்தக் கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்றார்.

சௌந்தரம் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்து விரலும் நன்றாக இருந்தன.

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, அந்தக் கை இல்லம்மா என்றார். அவள் கையை இறக்கவே இல்லை. அதற்கப்புறம் அவர் கோலியனூர் பக்கம் வரவில்லை.

ஆனால் அவர் சொன்ன இரண்டு வருஷக் கெடு அவள் காதிலேயே இருந்தது. திண்டிவனத்தில் சைக்கிள் கடை மாடியில் சூர்யகலா என்று ஒரு வக்கீல் புதிதாக போர்டு மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினாள். சின்னப் பெண். கையைப் பார்த்ததும் கண் கலங்கி, ஐயோ பாவம் என்றாள்.

"பாவம் பாக்கறதுக்கு எங்க ஊர்லயே நெறைய பேரு கீறாங்க" என்றாள் சௌந்தரம். "கேஸு போடத் தெரியுமான்னு சொல்லுங்க."

சூர்யகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரியும் என்றாள். தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட்டார்கள். கிருஷ்ணசாமியின் பதில் வந்தது. அந்த அம்மாளுக்குக் கைபோனது அவள் வீட்டில். அதற்கு முன் அவள் என் மில்லில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. இரக்கப்பட்டு வைத்தியம் பார்த்து, பிறகு பெருக்கும் வேலை கொடுத்தேன், அதற்குக் கிடைத்த பலன் இது. இதுதான் அவர் வாதம். விருத்தாசலம் வீட்டில் குதித்தான். வண்டியைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்பதுதான் அவன் கவலை.

விசாரணைக்கு கிருஷ்ணசாமி தரப்பில் சாட்சியாக வந்து நின்றவள் அஞ்சம்மாள். இந்த அம்மாவை அடிபடுவதற்கு முன்னால் மில்லில் பார்த்ததே இல்லை என்றாள். சொல்லும்போது சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கில் ஒரே தூக்குச்சட்டியில் கூழ் குடித்தவர்கள் இருவரும். யாரைப் பார்த்தாலும் உதட்டைச் சுழிக்கத் தெரிந்த சௌந்தரத்துக்கு அன்று மட்டும் உதடு சுழியவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் அஞ்சம்மாள் அவளிடம் வந்தாள்.

"எம் பொண்ணும் அங்கதான் வேலை செய்யிது சௌந்தரம். நான் இன்னா பண்ணட்டும்?"

சௌந்தரம் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அதற்குப் பிறகு அஞ்சம்மாளோடு அவள் பேசவே இல்லை.

அடுத்த வாய்தாவில் கிருஷ்ணசாமியே கூண்டில் ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, முகத்தில் தியாகம். தான் செய்த தர்மங்களைச் சொல்லிக்கொண்டே போனார். சூர்யகலா குறுக்கிடாமல் கேட்டாள். அவள் முறை வந்ததும் மிகவும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். மில்லை எவ்வளவு காலமாக நடத்துகிறீர்கள், மற்ற வேலையாட்களுக்கு இப்படி அடிபட்டதுண்டா என்று கேட்டாள். ஒரு கீறல் பட்டதில்லை என்று நிமிர்ந்தார் அவர்.

"அப்போ இந்தம்மா கவனமில்லாம கையை விட்டதுதான் காரணம். தப்பு அவங்களோடதுதானே?"

வேறு யாராவது என்றால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். பழியை அடுத்தவர் தலையில் போடுகிற வாய்ப்பு வந்தால் கிருஷ்ணசாமியால் சும்மா இருக்க முடியாது.

"பின்ன? ஆறு வருஷமா மிஷினண்ட நின்னவதான, பெல்ட்டுல கை வைக்கக்கூடாதுன்னு தெரியாது? நான் எத்தினி முறை சொல்லிக்கீறேன். அன்னிக்கின்னு பார்த்து புத்தி கெட்டுப்போயி வுட்டுட்டா."

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கிருஷ்ணசாமிக்கு இன்னும் புரியவில்லை. தான் நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார். எந்த மிஷின், கேப்பை மிஷினா என்று துணை ஆணையர் கேட்ட பிறகுதான் அந்தக் கை மீசையிலேயே நின்றது. சௌந்தரம் சுவர் ஓரத்தில் நின்றிருந்தாள். இத்தனை வருஷம் இவனிடமா கை கட்டி நின்றோம் என்று அவளுக்கு அசிங்கமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷத்தைவிட அந்த அசிங்கம்தான் அன்று முழுக்க அவளோடு பஸ்ஸில் வந்தது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. வட்டியோடு கொடுக்கச் சொன்னார்கள். கிருஷ்ணசாமி ஹைகோர்ட்டுக்குப் போனார். அப்பீல் போட வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும் என்றதும் அவருக்கு வயிறு எரிந்தது. எரிந்தபடியே கட்டினார். அப்பீல் சில வருஷம் கிடந்து தள்ளுபடி ஆயிற்று.

பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் விருத்தாசலத்துக்குப் பெண்டாட்டி மேல் பிரியம் பொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வாங்கி வந்தான். வீடு கட்டலாம், மாடு வாங்கலாம், ஆட்டோ ஓட்டலாம் என்று அடுக்கினான். நன்றி கெட்டவள் என்ற வாய்களெல்லாம் அக்கா என்றும் அண்ணி என்றும் கைமாற்றுக் கேட்டு வந்தன. சௌந்தரம் எல்லாருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஒரு நாள் கலைப்பிரியாவை அழைத்துக்கொண்டு திண்டிவனம் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையைப் பிடித்து, கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கிவிட்டாள். அண்டா தூக்க ஆள் வைத்தாள். திட்டுவதை மட்டும் தானே செய்தாள். விருத்தாசலம் பின்னாலேயே வந்து சேர்ந்தான். அவள் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வாவென்றும் சொல்லவில்லை. கடை வாசலில் உட்கார்ந்து பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்புறம் அடிபட்டவர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அரவை மில்லில் கை போனவன், சாரத்திலிருந்து விழுந்தவன், கரும்பு லாரியில் இடுப்பு நசுங்கியவனின் மனைவி. யாரிடமும் அவள் பரிவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டரிடம் எங்கே அடிபட்டது என்று உன் வாயால் சொன்னாயா, இல்லை முதலாளி சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா என்றுதான் ஆரம்பிப்பாள். அழுதால் எழுந்து போய்விடுவாள். வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் சூர்யகலா ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தேவநாதன் என்று ஒருவன் வந்தான். கல் உடைக்கும் கிரஷரில் வேலை. பாறை உருண்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சௌந்தரம் வழக்கம்போலத் திட்டி, வக்கீலைப் பார்க்க நாள் சொல்லி அனுப்பினாள். அந்த நாளைக்கு முதல் நாள் சாயங்காலம் கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு கையில் ஸ்வீட் பொட்டலத்தோடு வந்தான். காண்ட்ராக்டர் வீட்டுக்கே வந்து ஏதோ கொடுத்துவிட்டாராம், கையெழுத்துப் போட்டுவிட்டானாம், தம்பிக்கும் அங்கேயே வேலை தருவதாகச் சொன்னாராம், மனுஷன் தங்கமானவராம்.

சௌந்தரம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்வீட்டை விருத்தாசலம் வாங்கிப் பிரித்துவிட்டான்.

"ஆணையருகிட்ட பதிவு பண்ணாத சமரசம் செல்லாது" என்றாள். "காலையில வா. வக்கீலைப் பாத்துட்டு அப்பிடியே விழுப்புரம் ஆபீஸுக்குப் போறோம்."

"கையெழுத்துப் போட்டுட்டனே அக்கா. அவருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"உன்ன யாருடா பதில் சொல்லச் சொன்னது? கம்முனு கூட வா."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்கார வைத்து, கட்டைக்கோலைத் தன் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். விழுப்புரம்வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வயலைப் பார்த்தான். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர், யாரும்மா இது, தம்பியா என்று விசாரித்தார்.

"எனக்கு இவன் யாருமில்ல" என்று சௌந்தரம் இடது கையால் பணத்தை நீட்டினாள். "ரெண்டு விழுப்புரம் குடுங்க."