வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம்

கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் என் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து தர்மபுரத்தில் குடிசை போட்டவர்கள் நாங்கள். கணவர் காடு வெட்டிய நிலத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டார். மழை பொய்த்த வருடங்களில் என் ஆலைச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அவித்துக் காயவைத்த நெல்லை இயந்திரத்தின் வாயில் கொட்டுவது என் வேலை. ஒரு நாள் வெறும் சாக்கை உதறும்போது அதன் ஓரம் ஓடுகிற பெல்ட்டில் மாட்டியது. சாக்கை விட்டிருக்கலாம். கிழிந்தால் சம்பளத்தில் வெட்டுவார்களே என்று இழுத்தேன். சாக்கோடு கையும் பெல்ட்டுக்குள் போனது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தார். வீட்டுக்கு அரிசி அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

"கைக்காயம் மாறினாப் பிறகு வா பிள்ளை. பாப்பம்."

கட்டு மாற்ற வந்த நர்ஸ் மிஸ்ஸிதான் முதலில் கேட்டார்.

"வேலை செய்யேக்கை நடந்ததெண்டால், சம்பளம் தாறாரோ?"

"வேலைக்குப் போகாம எப்பிடிங்க சம்பளம் கேக்கிறது?"

"கேக்கலாம். காயம் மாறுமட்டும் அரைச் சம்பளம் தரவேணும். போன விரலுக்கு நட்டஈடும் இருக்கு. வவுனியாவிலை தொழில் கந்தோருக்குப் போய்ச் சொல்லுங்கோ."

எனக்கு அது வெட்கமாக இருந்தது. உட்கார்ந்திருந்த நாளுக்குக் கூலி கேட்பது பிச்சை கேட்பதுபோல் பட்டது. கணவரிடம் சொன்னேன். அவர் என் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரலக் குடுத்துட்டுத்தான கேக்கிற. இதுவா பிச்ச?"

இருவரும் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனோம். தொழில் அலுவலகத்தில் இருந்த அதிகாரி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆலைக்கு வந்து விசாரிப்பதாகச் சொன்னார். சொன்னபடியே வந்தார்.

முதலாளி அவருக்குக் கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார். பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்.

"இவ என்ர வேலையாள் இல்லை ஐயா. நெல்லுக் குத்துவிக்க வந்தவ. மெசினுக்குக் கிட்டப் போய்க் கையை விட்டிட்டா. பாவமெண்டு அரிசியும் குடுத்தனான்."

சனிக்கிழமைகளில் கையில் வாங்கிய காசைத் தவிர, நான் அங்கே உழைத்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

அதிகாரி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஆலை அப்படி அமைதியாகி நான் பார்த்ததில்லை. முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்களிடம் போய், "இவரைத் தெரியுமோ?" என்று கேட்டார். முன்னால் நின்றவள் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துப் பெண். முதலாளியைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

நெல் அவிக்கும் கொப்பரைப் பக்கமிருந்து ஒருவர் கையைத் துடைத்தபடி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்த குடும்பத்துப் பெண், முதலாளியின் சொந்த ஊர்க்காரர். அத்தனை காலத்தில் என்னோடு மனம்விட்டு ஒரு நாள்கூடப் பேசியவர் அல்லர்.

"இவ இஞ்சை வேலை செய்தவ ஐயா. நான் அவிக்கிற நெல்லை இவதான் மெசினிலை கொட்டினவ."

"யோசிச்சுக் கதை," என்றார் முதலாளி.

"யோசிச்சுத்தான் கதைக்கிறன். நாளைக்கு என்ர கை போனால், என்னையும் நெல்லுக் குத்த வந்தவ எண்டுதானே சொல்லுவியள்."

குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "ஆமாங்க, எங்களோடதான் வேல செஞ்சாங்க," என்றாள். அதன்பின் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கடைசியில் இயந்திரம் ஓட்டுபவரே முன்னால் வந்து, பெல்ட்டை நிறுத்தி என் கையை எடுத்தது தான்தான் என்றார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். நான் அழுதேன். விரல் போனபோதுகூட அப்படி அழவில்லை.

அதிகாரி கூப்பிட்டபடி முதலாளி வவுனியாவுக்கு வந்து, அவர் முன்னால் பணத்தை மேசையில் வைத்தார். வீட்டிலிருந்த காலத்துக்கு அரைச் சம்பளமும் விரல்களுக்கு நட்டஈடும் இருந்தன. இடது கையால் பெருவிரல் அடையாளம் வைத்து வாங்கினேன். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினோம். கச்சான் போட்ட நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் வந்தன.

சாட்சி சொன்ன ஒருவரையும் முதலாளியால் வேலையிலிருந்து நிறுத்த முடியவில்லை. எல்லாரையும் நிறுத்தினால் நெல் அவிக்க ஆள் ஏது? கை ஆறியதும் நானும் அதே ஆலைக்குத்தான் போனேன். பெல்ட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருந்தார்கள்.

அடுத்த போகத்தில் கொப்பரைத் தண்ணீர் சிந்தி வேலையாள் ஒருவருக்குக் கால் வெந்தது. முதலாளியே அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சனிக்கிழமை எங்களுக்குச் சம்பளம் கொடுத்து முடிந்ததும், ஒரு உறையை என்னிடம் நீட்டினார்.

"அவன்ர வீட்டிலை குடுத்துவிடு பிள்ளை. அரைச் சம்பளம்."

ஒருவரும் கேட்காமலே கொடுத்தார். நான் அதைச் சேலையில் முடிந்துகொண்டு, சைக்கிளில் வந்த கணவரின் பின்னால் ஏறி, நேரே அந்த வீட்டுக்குப் போனேன்.